மீன் சந்தைத் திடலில் வெள்ளைத் துணி: லைபீரியப் பெண்களின் 2003

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் சிங்கோர் என்றொரு பகுதி. அதன் நடுவே டப்மன் சாலை ஓடுகிறது. சாலையோரம் மீன் சந்தை, அதை ஒட்டி ஒரு வெற்றுத் திடல். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 2003 ஏப்ரலில் அந்தத் திடலுக்குப் பெண்கள் விடிந்தும் விடியாததுமாக வந்து உட்காரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் வெள்ளை டி-சர்ட், தலையில் வெள்ளைத் துணி, இடுப்பில் லாப்பா என்கிற சுற்றுத்துணி. காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது. முகத்துக்குப் பூச்சும் கிடையாது. எதிரே பிடித்திருந்த பதாகையில் ஒரே வரி: லைபீரியப் பெண்களுக்கு அமைதி வேண்டும், இப்போதே வேண்டும்.

அதிபர் சார்லஸ் டெய்லரின் வீடு காங்கோ டவுனில். அலுவலகம் கேபிட்டல் ஹில்லில். இரண்டுக்கும் இடையில் போகிற வழி இந்த டப்மன் சாலைதான். காலையில் போகும்போதும் அவர் கண்ணில் இவர்கள் பட்டாக வேண்டும், மாலையில் திரும்பும்போதும் பட்டாக வேண்டும். இடத்தைப் பொறுக்கியதிலேயே இந்தப் பெண்களின் கெட்டிக்காரத்தனம் தெரிந்துவிடுகிறது. ஊர்வலத்துக்குத் தடை இருந்த காலம் அது. அவர்கள் ஊர்வலம் போகவில்லை, உட்கார்ந்தார்கள்.

இந்தப் போராட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களிடம் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். கணவன்மாரோடு சேர மாட்டோம் என்று பெண்கள் மறுத்தது ஒன்று. கானாவின் தலைநகர் அக்ராவில் பேச்சுவார்த்தை மண்டபத்தின் வாசலில் துணியை அவிழ்க்கப்போவதாக மிரட்டியது மற்றொன்று. இரண்டும் நடந்தவைதான். ஆனால் அந்த இரண்டையும் மட்டும் வைத்துக் கதை சொன்னால் ஏதோ ஆவேசத்தில் கிளம்பிய கூட்டம் என்றுதான் தோன்றும். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்த வேலை சலிப்பூட்டுகிற வேலை. வாரம் தவறாமல் ஒரே தெருவுக்குப் போவது, ஒரே கேள்விக்குப் பத்தாவது தடவையாகப் பதில் சொல்வது, தண்ணீருக்கும் பேருந்துக்கும் காசு தேடுவது. என் கணக்கில் வெற்றிக்குக் காரணம் அந்த வேலைதான்.

பின்னணி, சுருக்கமாக

1989 டிசம்பர் 24 அன்று டெய்லரின் படை ஐவரி கோஸ்ட் எல்லை வழியாக லைபீரியாவுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டே நாடு துண்டு துண்டானது. 1990 ஜூலை 29 அன்று சிங்கோரில் இருக்கும் புனித பேதுரு லூத்தரன் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 600 பேரை அன்றைய அதிபர் சாமுவேல் டோவின் படைவீரர்கள் கொன்றார்கள். தேவாலயத்தின் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1997 தேர்தலில் டெய்லர் 75 விழுக்காடு வாக்குகளோடு ஜெயித்தார். தோற்றால் மறுபடி காட்டுக்குப் போய்ச் சண்டையைத் தொடங்கிவிடுவார் என்ற பயமே பலரை அவருக்கு வாக்களிக்க வைத்தது. அப்படியும் இரண்டே ஆண்டில் சண்டை திரும்பியது. 1999-இல் லூர்ட் என்ற கிளர்ச்சிப் படை வடக்கிலிருந்து வந்தது. 2003-இல் மாடல் என்ற மற்றொரு படை கிழக்கில் முளைத்தது. அந்த ஆண்டின் நடுவில் நாட்டின் மூன்றில் ஒரு பங்குதான் டெய்லர் கையில் இருந்தது. இரண்டு போர்களிலும் சேர்த்து இரண்டரை லட்சம் பேர் வரை மாண்டதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். மொத்த மக்கள் தொகையே முப்பது லட்சம் அளவுதான்.

சிறார்களுக்குப் போதைப்பொருள் கொடுத்துத் துப்பாக்கியைக் கையில் திணித்த போர் இது. லேமா போவீ என்ற இளம்பெண் லூத்தரன் திருச்சபையின் மன அதிர்ச்சி ஆற்றுப்படுத்தும் திட்டத்தில் சேர்ந்து, அப்படிப்பட்ட பையன்களோடுதான் வேலை செய்துகொண்டிருந்தார். போர் வந்தபோது அவருக்கு வயது 17. இப்போது குழந்தைகளை வைத்துக்கொண்டு, கையில் காசில்லாமல் காலம் தள்ளும் தாய். 2001-இல் மேற்கு ஆப்பிரிக்க அமைதிக் கட்டமைப்பு வலையமைப்பின் கீழ் பெண்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று தொடங்கினார்கள். அதற்கு விப்நெட் என்று பெயர். தொடங்கிவைத்தவர் தெல்மா எக்கியோர் என்ற நைஜீரியப் பெண். லைபீரியக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு போவீ தலையில் விழுந்தது.

ஆறு மாத நடை

பெண்களைக் கூட்டி அமைதிக்காக ஜெபம் செய் என்று ஒரு குரல் சொன்னதாகத் தனக்குக் கனவு வந்தது என்று போவீ சொல்லியிருக்கிறார். கனவை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். கனவுக்கு மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியம். சக ஊழியர்களிடம் சொன்னார். புனித பேதுரு தேவாலயத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் நண்பகல் ஜெபம் தொடங்கியது. 1990-இல் அறுநூறு பேர் செத்து விழுந்த அதே வளாகம்.

ஒரு நாள் அந்தக் கிறிஸ்தவப் பெண்கள் கூட்டத்தில் அசாட்டு பா கென்னத் எழுந்து நின்றார். அவர் காவல்துறை அதிகாரி, முஸ்லிம். இங்கே இருப்பவர்களில் நான் ஒருத்திதான் முஸ்லிம், இந்த வேலையை முஸ்லிம் பெண்களிடம் நான் கொண்டுபோகிறேன் என்றார். கொண்டும் போனார். லைபீரிய முஸ்லிம் பெண்கள் தனியாக அமைப்பானார்கள், பிறகு இரண்டு அமைப்புகளும் கைகோத்தன. எழுத்தில் இது ஒரு வரிக்கு மேல் வராது. நேரில் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. வேற்று மதத்துக்காரியோடு சேர்ந்து ஜெபித்தால் என் விசுவாசம் நீர்த்துப்போகுமே என்று தயங்கிய கிறிஸ்தவப் பெண்கள் இருந்தார்கள். அவர்களிடம் வேதாந்தம் பேசாமல் குண்டு ஆளைப் பார்த்தா பாய்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அடுத்து வந்ததுதான் முதுகெலும்பு. ஏறக்குறைய ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் சுற்றினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் வாசல். சனிக்கிழமை சந்தை. ஞாயிறு காலை தேவாலயம். பெண்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கு இவர்களே போனார்கள். எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள் என்று யாரையும் இழுக்கவில்லை. கையில் துண்டுப்பிரசுரம். எங்களுக்கு அலுத்துவிட்டது, எங்கள் பிள்ளைகள் சாவது அலுத்துவிட்டது, பெண்களே விழித்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் சில வரிகள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கோட்டோவியத்தில் அதே செய்தி.

நம் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவை நடத்திப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று புலம்புகிறவர் பெரும்பாலும் கூட்டத்தை மதியம் மூன்று மணிக்கு, ரேஷன் கடை திறந்திருக்கிற நாளில் வைத்திருப்பார்.

சந்தைப் பெண்களைத் தேடிப் போனதில் இன்னொரு கணக்கும் இருந்தது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து கிராமத்துக்குப் போய் உணவுப்பொருள் கொண்டுவந்து நகரத்துக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள்தான். எந்தச் சாவடியில் யார் நிற்கிறான், எவனிடம் எப்படிப் பேசினால் வழி விடுவான் என்பது அவர்களுக்கு அத்துப்படி. சூசூ என்று அங்கே சொல்லப்படும் சீட்டுக் குழுக்கள் அவர்களிடம் இருந்தன. முறைவைத்துக் காசு போடவும், முறைவைத்து எடுக்கவும், ஏமாற்றுகிறவளை அடையாளம் காணவும் பழகியவர்கள். அமைதி இயக்கம் புதிதாக அமைப்பு எதையும் கட்டவில்லை. இருக்கிற பின்னலின் மேல் ஏறிக்கொண்டது.

படித்த பெண்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 2000-இல் உருவான மானோ நதிப் பெண்கள் அமைதி வலையமைப்பு என்ற குழுவில் முன்னாள் ஆட்சியாளர்களும் தொழிலதிபர்களும் உண்டு. அதிபர்களை நேரில் சந்திக்கும் செல்வாக்கு அவர்களுக்கு இருந்தது, 2003-இல் ஐநாவின் மனித உரிமைப் பரிசும் கிடைத்தது. கடைசியில் சமாதான உடன்பாட்டில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதும் அந்தக் குழுதான். விப்நெட் பெண்கள் மண்டபத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு குழு, வெளியே ஒரு குழு. இரண்டுக்கும் உரசல் இருந்தாலும் ஒன்றில்லாமல் மற்றொன்று எடுபட்டிருக்காது என்பது என் எண்ணம்.

வெயிலும் மழையும்

2003 ஏப்ரல் 11 அன்று நகர மண்டபத்தில் பெரிய கூட்டம். அதைத் தொடர்ந்து மீன் சந்தைத் திடல். நாளுக்கு நாள் கூட்டம் பெருகி ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அகதி முகாம்களிலிருந்தும் பேருந்தில் வந்தார்கள். கோரிக்கை மூன்றே மூன்று. நிபந்தனையில்லாமல் சண்டையை நிறுத்து. இரு தரப்பும் பேச உட்காருங்கள். வெளியிலிருந்து அமைதிப்படை வரட்டும். யார் ஆள வேண்டும், யாரைத் தண்டிக்க வேண்டும் என்ற பேச்சே இல்லை. டெய்லரை வெறுத்தவளும், டெய்லர் படையில் மகன் இருந்தவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடிந்தது அதனால்தான்.

வெள்ளை உடை, நகையில்லாத கழுத்து எல்லாம் பைபிளில் எஸ்தரின் கதையில் வரும் சாக்குடையும் சாம்பலும் மாதிரி. துக்க அடையாளம். நடைமுறையில் அதற்கு வேறொரு பயனும் இருந்தது. அமைச்சரின் உறவுக்காரியையும் முகாமில் கோதுமைக் குருணைக்கு வரிசையில் நிற்கிறவளையும் தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

மே மாதம் அங்கே மழை தொடங்கிவிடும். உலகத் தலைநகரங்களில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் மன்ரோவியாவும் ஒன்று. ஏப்ரல் வெயிலில் கறுத்தவர்கள் மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத் துணி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் துவைத்துக் காயவைத்து மறுநாள் உடுத்தியிருக்க வேண்டும். அதுவே ஒரு வேலை.

படுக்கை மறுப்பு இந்தக் காலத்தை ஒட்டித்தான் வருகிறது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அதனால் நடைமுறையில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஊடகங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்ததுதான் லாபம் என்று போவீயே பின்னால் ஒத்துக்கொண்டிருக்கிறார். தன் இயக்கத்தின் மிகப் புகழ்பெற்ற பகுதியைப் பற்றி இப்படிச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும்.

ஏப்ரல் 23 அன்று டெய்லர் இறங்கிவந்தார். அதிபர் மாளிகைக்குப் பெண்களை அழைத்தார். வெளியே இரண்டாயிரம் பேருக்கு மேல் காத்திருக்க, போவீ அறிக்கையைப் படித்தார். டெய்லர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் பேசியது டெய்லரைப் பார்த்து அல்ல. செனட் தலைவராக இருந்த கிரேஸ் மைனர் என்ற பெண்ணை நோக்கித்தான் பேசினார். போர் அலுத்துவிட்டது, ஓடி ஓடி அலுத்துவிட்டது, கோதுமைக் குருணைக்குக் கையேந்தி அலுத்துவிட்டது, நெருக்கடி நேரத்தில் நீ என்னம்மா செய்தாய் என்று நாளை எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள் என்றார். கொலைகாரன் என்று பெயரெடுத்த ஒருவன் முன்னால் நின்றுகொண்டு, அவனைத் திட்டாமலும் கெஞ்சாமலும் பேசுவது எப்படி என்பதற்கு இது ஒரு பாடம். அந்த கிரேஸ் மைனர் சத்தமில்லாமல் தன் சொந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தவர்.

டெய்லர் பேச்சுக்கு ஒத்துக்கொண்டார். இனி கிளர்ச்சிக்காரர்களை இழுக்க வேண்டும். அவர்களின் தலைவர்கள் தங்கியிருந்த சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கே பெண்கள் குழு ஒன்று போய் அவர்களையும் மடக்கியது.

அக்ராவின் வாசல்

ஜூன் 4 அன்று கானாவில் பேச்சு தொடங்கியது. அதே நாளில் சியரா லியோன் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட, அவர் அவசரமாக ஊர் திரும்பிவிட்டார். மற்றவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜூன் 17 அன்று கையெழுத்தான போர்நிறுத்தம் சில நாளிலேயே உடைந்தது. போர்த்தளபதிகளுக்கு நல்ல ஓட்டல், நல்ல சாப்பாடு. எந்தத் துறை யாருக்கு என்ற பேரம் வாரக்கணக்கில் நீண்டது. மன்ரோவியாவில் பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

காசு சேர்த்து அக்ராவுக்குப் போயிருந்த பெண்களோடு, புதுபுராம் அகதி முகாமில் இருந்த லைபீரியப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜூலை 21 அன்று மண்டபத்தின் கதவுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து கையோடு கை பின்னிக்கொண்டார்கள். உடன்பாடு வராமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது. நடுவரான முன்னாள் நைஜீரிய அதிபர் ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்கள். ஜெனரல் லேமாவும் அவர் படையும் மண்டபத்தைக் கைப்பற்றிவிட்டதாக உள்ளே அறிவிப்பு வந்தது. காவலர்கள் கைது செய்ய வந்தபோதுதான் போவீ தலைத்துணியை உருவி, உடையில் கைவைத்தார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் தாய் வயதுள்ள பெண் வேண்டுமென்றே அம்மணமாகி நிற்பதைப் பார்ப்பது சாபம். அந்தப் பயம் எந்தத் துப்பாக்கியையும்விடப் பழையது. நமக்கு இது உடனே மணிப்பூரை நினைவுபடுத்தும். 2004 ஜூலை 15 அன்று இம்பாலின் காங்லா கோட்டை வாயிலில் 12 தாய்மார்கள் ஆடையின்றி நின்றார்கள். அங்கே மிரட்டல் இல்லை, செய்தே காட்டினார்கள். அக்ராவில் கைவைத்ததே போதுமானதாக இருந்தது. காவலர்கள் பின்வாங்கினார்கள். வரிசையைத் தாண்ட முயன்றவர்களை அபூபக்கரே கடிந்து உள்ளே அனுப்பினார். அவர் பெண்கள் பக்கம் சாய்ந்தது தற்செயல் அல்ல. பல வாரமாக அவரை நடைபாதையில் மறித்து மறித்துப் பேசிவைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 4 அன்று நைஜீரிய அமைதிப்படை மன்ரோவியாவில் இறங்கியது. 11 அன்று டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். 18 அன்று சமாதான உடன்பாடு கையெழுத்தானது.

பெண்கள்தான் போரை நிறுத்தினார்களா? தனியாக இல்லை. நீதிமன்றக் குற்றப்பத்திரிகை, நகரத்தை நெருங்கிய லூர்ட் படை, அமெரிக்க நெருக்குதல், நைஜீரியா கொடுத்த புகலிடம் எல்லாம் சேர்ந்துதான் டெய்லரைத் தள்ளின. இந்த நெருக்குதல்களெல்லாம் டெய்லரைக் கிளப்பலாம், பேச்சைத் தொடரவைக்காது. இழுத்துக்கொண்டே போனால் லாபம் என்று நினைத்த ஆட்களுக்கு இழுப்பது வெட்கக்கேடு என்று ஆக்கியது பெண்கள். அந்த அளவுக்கு நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு தவறும் உண்டு. அதிகாரப் பங்கில் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. இடைக்கால அரசில் அமைச்சகங்களைப் பிரித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருந்த தரப்புகள். கோரிக்கையை மூன்றாகச் சுருக்கியதால் கூட்டம் சேர்ந்தது. அதே சுருக்கத்தால் கையெழுத்தான மறுநாள் இவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை.

உடன்பாட்டுக்குப் பின்

அந்த விலை டிசம்பரிலேயே தெரிந்தது. ஐநா படை 2003 டிசம்பர் 7 அன்று மன்ரோவியாவுக்கு அருகே ஷீஃப்லின் முகாமில் ஆயுத ஒப்படைப்பைத் தொடங்கியது. ஒப்படைப்பவருக்கு மொத்தம் 300 டாலர், இரண்டு தவணை. முகாம் தாங்குவதற்குப் பல மடங்கு அதிகமாக ஆயிரக்கணக்கில் பையன்கள் வந்து குவிந்தார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவு. பத்தே நாளில் திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. எந்தப் பையன் எந்தத் தளபதிக்குக் கட்டுப்பட்டவன், அவன் அம்மா எந்த முகாமில் இருக்கிறாள் என்று தெரிந்த பெண்களை அதுவரை யாரும் கலந்துகொள்ளவில்லை. பிறகுதான் அவர்களின் உதவி தேவைப்பட்டது. பெண்கள் முகாமுக்கும் சமூகத்துக்கும் நடந்து, பையன்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 2004 ஏப்ரலில் மறுபடி தொடங்கிய திட்டம் முடிந்தபோது ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவாகியிருந்தார்கள்.

2005 தேர்தலுக்கு வாக்காளர் பதிவு நடந்தபோது பெண்களின் வரிசை மிகவும் சிறியதாக இருந்தது. ஏன் வரவில்லை என்று சந்தையில் போய்க் கேட்டார்கள். கடையை விட்டு வந்தால் அன்றைய சோறு போய்விடும், குழந்தையை யாரிடம் விடுவது என்பதுதான் பதில். உரிமை, ஜனநாயகம் என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. குழுவில் ஒருத்தி கடையில் உட்கார்ந்து மிளகாயும் மீனும் விற்றாள், இன்னொருத்தி குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டாள், கடைக்காரி போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். பதிவேடு மூடியபோது பெண்கள் ஏறக்குறைய பாதி. நவம்பர் 8 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வெயாவை எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று அதிபரான முதல் பெண் அவர்.

2011-இல் அவருக்கும் போவீக்கும் ஏமனின் தவக்குல் கர்மானுக்கும் நோபல் அமைதிப் பரிசு சேர்த்துக் கிடைத்தது. மறு ஆண்டே போவீ, சர்லீஃப் அமைத்த நல்லிணக்க ஆணையத்திலிருந்து விலகினார். சொந்தப் பிள்ளைகளுக்குப் பதவி கொடுக்கிறார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர் என்பதற்காக வாயை மூடிக்கொள்ளவில்லை.

நாட்டுப்புறத்தில் பெண்கள் இன்னொன்று செய்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்து நடக்கும் பலாவர் குடிசை லைபீரியாவில் காலங்காலமாக ஆண்களின் இடம். போருக்குப் பின் தோத்தோத்தா போன்ற ஊர்களில் பெண்கள் தங்களுக்கென்று குடிசை போட்டு அமைதிக் குடிசை என்று பெயர் வைத்தார்கள். மனைவியை அடித்தவன், பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுக்காதவன், நிலத் தகராறில் கத்தியைத் தூக்கியவன் எல்லோரும் அங்கே அழைக்கப்படுகிறார்கள். அதே வெள்ளை உடையில், வட்டமாக, பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிட்டும் ஒருவன் வரவில்லை என்றால் எல்லோருமாக எழுந்து அவன் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.